வெளிச்சம் தின்கிற பூச்சி

இராஜபாளையம்
6.7.2025, ஞாயிறு

அன்புள்ள அசீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் ஹஃபீஸாவும் இல்லாத வீட்டில் நலம் எங்கிருந்து வரும்?

போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்த ஒரே ஒரு தடவையும், "போன்ல பேசுனா சண்டைதான் வரும். சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க. எழுதுனா கை வலிக்கும், சுருக்கமா முடிப்பீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். சுருக்கமாக வராது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பேண்டேஜ் கம்பெனி வேன் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வரும்போது டிரைவர் பால்பாண்டி இதை உன் அண்ணன் கடையில் கொடுப்பான். நீ பதில் எழுதினால் கவரை நன்றாக ஒட்டு. அவனுக்குக் கண்ணும் காதும் ரொம்பக் கூர்மை.

வாசலில் பையோடு நின்று, தெருவே கேட்கும்படி கேட்டாயே, "பெத்த பிள்ளைய இருட்டுல அடைச்சு வைக்க எப்படி மனசு வந்துச்சு?" என்று. மனசு வரவில்லை அசீனா. பயம் வந்தது. போன மாதம் எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெருத்திருக்கிறது என்று டாக்டர் வேதமணி சொன்னபோது நீயும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு. பிறந்ததிலிருந்தே அவள் உடம்பில் டீ சிந்தின மாதிரி இருந்த புள்ளிகளை மச்சம், யோகம் என்று எண்ணிக் கொஞ்சிக்கொண்டிருந்தோம். அதுதான் இந்த நோயின் அடையாளம் என்று நமக்கு எப்படித் தெரியும்? வியாழன் தவறாமல் மதுரைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டும் அது வளர்கிறதென்றால், தகப்பன் சும்மா இருப்பானா?

நான் எதையும் கனவு கண்டு செய்யவில்லை. ஏன் வளர்கிறது என்று கேட்டேன். டாக்டர்தான் சொன்னார். பிள்ளைக்கு இருக்கிற இதே பிறவிக் குறையுள்ள எலிகளை இருட்டில் வைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் வளர்ந்த எலிகளுக்குக் கட்டி வந்தது. இருட்டில் வளர்ந்தவற்றுக்கு வரவில்லை. கண் பார்க்கும்போது நரம்பு வேலை செய்கிறது, வேலை செய்கிற நரம்பில் சுரக்கிற ஏதோ ஒன்று கட்டிக்கு உரமாகிறது என்றார். அவர் மேலே சொல்வதற்குள் ஹஃபீஸா "அத்தா, அவசரம்" என்று துள்ள, நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். கேட்டது போதும் என்றுதான் இருந்தது.

உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் கண் பேட் பேக்கிங் பார்க்கிறவன். காஸ் துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, முட்டை வடிவில் வெட்டி, கிருமி நீக்கி, கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறோம். ஆபரேஷன் செய்த எத்தனையோ கண்களை மூடி ஆற்றியது நாங்கள் அனுப்பிய பேட். கண்ணை மூடினால் கண் ஆறும் என்பதில்தானே நம் வீட்டு அடுப்பே எரிகிறது. அதைத்தான் என் பிள்ளைக்கும் செய்தேன். நடுவில் ஒரு கறுப்புத் துணி கூட வைத்தேன், அவ்வளவுதான்.

இதோடு இரண்டு ஜோடி அனுப்புகிறேன். முழு நேரமும் வேண்டாம். வெயில் ஏறுகிற நேரத்துக்காவது கட்டிவிடு. என் மேல் உள்ள கோபத்தில் கட்டியிடம் தோற்றுவிடாதே.

அனஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.7.2025

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். மற்றவற்றுக்கும் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். நான் கோபப்பட்டுத்தான் எழுதுகிறேன். ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது பாதி. மீதிப் பாதி பாத்ரூம் வாசலில் போயிற்று. அதை நான் ரயிலில் திருமங்கலம் வரும்போது உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எலி வீடியோ பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினீர்கள். இப்போது மறுபடியும் சொல்கிறேன். எலிக்குச் செய்ததைப் பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். இந்த வயதில் கண் பார்த்துப் பார்த்துத்தான் மூளை பார்க்கவே கற்றுக்கொள்கிறதாம். மூடி வைத்தால் கட்டி கெடுக்காத பார்வையையும் நாமே கெடுத்துவிடுவோம். அந்த உரம் கட்டிக்குப் போய்ச் சேராமல் தடுக்கிற மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அது வரும்வரை இந்த ஊசிதான். இவ்வளவும் சொன்னார். உங்களுக்கு எலி மட்டும் மனசில் நின்றுவிட்டது.

நான் ஏன் புறப்பட்டு வந்தேன் என்று உங்களுக்கே தெரியும். பேட் கட்டிய கண்ணோடு எழுந்து நடந்து நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ரத்தம் வந்தது. அதற்கும் அவள் அழவில்லை, "அம்மா, நான் பேட்ட அவுக்கல" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அந்த ஒரு பேச்சுக்குத்தான் நான் பையை எடுத்தேன். இடித்துக்கொண்ட பிள்ளை அழ வேண்டும் மச்சான். அழாத பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பேட் வந்து சேர்ந்தது. மைனி தொட்டுப் பார்த்து, "எம்புட்டு மெத்துன்னு இருக்கு, இதப் போயி வேண்டாங்கிறியே" என்றார். அலமாரியில் வைத்திருக்கிறேன். கட்டமாட்டேன்.

ஹஃபீஸா சமத்தாக இருக்கிறாள். ரொம்பவே சமத்து. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் "கோபுரம் தெரியுதா பாரு" என்றால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். வீட்டுக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், இருட்டில் இருந்து பழகியதால் வெயில் கூசுகிறது போல. சரியாகிவிடும்.

வியாழக்கிழமை அண்ணனோடு மதுரைக்குப் போகிறேன். அன்றைக்குக் கண் பரிசோதனையும் இருக்கிறது. நீங்கள் வர வேண்டாம். அண்ணன் இன்னும் சூடாகத்தான் இருக்கிறார்.

அசீனா


இராஜபாளையம்
9.7.2025

அசீனா,

உன் அண்ணன் மைதீன் பிச்சை சூடாக இருப்பது புதுசா? பிளாஸ்டிக் குடம் விற்கிறவருக்கு உடம்பில் இத்தனை சூடு ஆகாது, குடம் உருகிவிடும் என்று சொல். வேண்டாம், சொல்லாதே.

திருமங்கலத்தில் நீ சொன்னது எனக்கு ஞாபகமில்லை. சொல்லியிருப்பாய். நீ சொல்வதில் பாதியைக் காதில் வாங்காமல்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நீயே பல தடவை சொல்லியிருக்கிறாய்.

ஆனால் அந்த இருட்டு நாட்களை நீ சொல்வது போல என்னால் நினைக்க முடியவில்லை. நீ அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. உள்ளே நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து வந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். சட்டையைத் தொட்டுப் பார்த்து அது எந்தச் சட்டை என்று சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. பொத்தானைத் தடவுவாள், காலரை முகர்ந்து பார்ப்பாள். "அத்தா, இது பெருநாளுக்கு எடுத்தது." "இது கம்பெனி சட்டை, பஞ்சு ஒட்டிக் கெடக்கு." ஒரு நாளும் தப்பியதில்லை. என் பிள்ளைக்கு விரல் நுனியில் கண் இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

நாளைக்கு ஷிப்டில் இருப்பேன். பரிசோதனை முடிந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். மணி அடித்தால் நல்லபடியாக முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அனஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.7.2025

மச்சானுக்கு,

மிஸ்டு கால் வரவில்லை என்று நீங்கள் எப்படித் துடித்திருப்பீர்கள் என்று தெரியும். என்னால் கொடுக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

படம் போட்ட சார்ட்டைக் காட்டினார்கள். வீடு, குடை, பந்து எல்லாம் இருக்குமே, அதுதான். போன தடவை அவள் கடைசிக்கு முந்தின வரிசை வரைக்கும் சொல்லிவிட்டு, "இது ஈஸி" என்று டாக்டரிடமே பெருமை அடித்தாள். இந்தத் தடவை மேலே இருக்கிற பெரிய வீட்டைக் கேட்டாலும் "தெரியல". கிட்டே கொண்டுபோனார்கள். அப்போதும் "தெரியல". தலையைக் குனிந்துகொண்டே சொல்கிறாள். டாக்டர் வேதமணி என் முகத்தைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். பார்வை இந்த அளவுக்கு இறங்கியிருந்தால் மருந்தை மாற்ற வேண்டும், இதைவிடக் கடுமையான மருந்து என்றார். அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ரயிலில் வரும்போது உங்களைத் திட்டக்கூட அண்ணனுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஹஃபீஸா கூடத்தில் தனியாக இருந்தாள். யாரும் இல்லை என்று நினைத்து ஒரு நொடி கண்ணைத் திறந்து, மூலையில் கிடந்த பொம்மையைப் பார்த்து, உடனே மூடிக்கொண்டு, நேராக நடந்து போய் அதை எடுத்தாள். திரும்பி வரும்போது சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். மடியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஏட்டி, உனக்குக் கண்ணு தெரியுதா?"

"தெரியும்மா. ஆனா நான் பாக்க மாட்டேன்."

"ஏன்?"

"பாத்தா உள்ள இருக்க பூச்சி வெளிச்சத்தத் தின்னு பெருசாயிரும். பாக்காம இருந்தா பட்டினி கெடந்து செத்துப்போவும். அத்தா சொன்னாங்க."

"டாக்டரம்மாட்ட ஏன் தெரியலன்னு சொன்ன?"

"அங்கதாம்மா வெளிச்சம் ரொம்ப இருந்துச்சு. வெரசா முடியட்டும்னு சொன்னேன்."

மாடியில் என் தோளில் முகத்தைப் புதைத்ததும் வெயில் கூசியதால் இல்லை. வந்த நாளிலிருந்து அவள் பூச்சியைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறாள். நான்தான் சமத்து, சமத்து என்று கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பூச்சியே கிடையாது என்றேன், அத்தா விளையாட்டுக்குச் சொன்னார் என்றேன், அடிக்கக்கூடக் கை ஓங்கிவிட்டேன். எதற்கும் அசையவில்லை. "அத்தாதான் மூடச் சொன்னாங்க. தொறக்கணும்னா அத்தாவே சொல்லட்டும்" என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று நான் எழுத வேண்டுமா?

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்கும் மூச்சு வந்தது. ஆனால் பிள்ளைக்குத் தெரியவில்லையா, பிள்ளை பார்க்கவில்லையா என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது, வருகிற வியாழன் திரும்பப் பரிசோதிப்போம் என்கிறார். அன்றைக்கும் அவள் தெரியவில்லை என்று சொன்னால், அந்தக் கடுமையான மருந்துதான்.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் வந்து, உங்கள் வாயால் "கண்ணைத் திற" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அசீனா


இராஜபாளையம்
13.7.2025

அசீனா,

உன் கடிதத்தைப் பேக்கிங் மேசையிலேயே படித்தேன். படிக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பக்கத்தில் ரோல் சுற்றுகிற வெங்கடேஸ்வரி "என்னண்ணே, பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பூச்சிக் கதையை நான்தான் சொன்னேன். பேட்டை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் நரம்பு, சுரப்பு என்று பேசவா முடியும்? அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். ரொம்ப நன்றாகப் புரிந்துவிட்டது.

வரச் சொல்கிறாய். வேனில் ஏறினால் செத்த நேரத்தில் வந்துவிடுவேன். ஆனால் வந்து என்ன சொல்வது? "கண்ணத் தொறடா" என்று நான் சொல்லி, அவள் என்னை நம்பித் திறந்து, அடுத்த ஸ்கேனில் அது இன்னும் பெருத்திருந்தால்? மூடச் சொன்னதும் நான், திறக்கச் சொன்னதும் நான் என்றால் அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு அந்தப் பிள்ளையைத் தூக்குவேன்? உனக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம். எனக்கு இது பயம்.

ஒன்றே ஒன்று கேட்டுச் சொல். அந்த எலி விஷயம் பொய்யா? பொய் என்று டாக்டர் வாயால் சொல்லட்டும், அடுத்த பஸ்ஸில் வருகிறேன். பொய் இல்லை என்றால், என்னை அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லாதே. நீயே எப்படியாவது அவளைச் சரிக்கட்டு.

அனஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.7.2025

மச்சானுக்கு,

கேட்டேன். பொய் என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்லம்மா. நரம்பு ஓடுற ஓட்டத்துல கட்டி தீனி எடுத்துக்குதுங்கறது நெசந்தான். அதனாலதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணு கேளுங்க. நான் வாராவாரம் ஊசி போடுறது எதுக்கு? கட்டிய அளந்து படம் புடிக்கவா? பிள்ள பாக்கணும், அதுக்குத்தான். அந்தப் பார்வையையே எடுத்துக் கட்டிக்கு முன்னால வச்சு, இத எடுத்துக்கிட்டுப் போயிருன்னு கெஞ்சுனா, நான் எதக் காப்பாத்துறது?"

எத்தனை தகப்பன்மாரிடம் இதைச் சொல்லியிருப்பாரோ.

இன்னொன்றும் எழுத வேண்டும். கோபத்தில் இத்தனை நாள் எழுதாமல் விட்டேன். சன்னலுக்கு நீங்கள் அட்டை அடித்தபோது ஸ்டூலுக்குக் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தது நான்தான். டாக்டர் சொன்ன மீதிப் பாதியைக் கேட்டிருந்தும் கொடுத்தேன். இருட்டில் வைத்தால் சுருங்கிவிடுமோ, நமக்கு மட்டும் அப்படி ஒரு நல்லது நடக்காதா என்று எனக்கும் ஒரு மூலையில் இருந்தது. அடுப்படியில் நான் அழுதது அதனால்தான். நெற்றியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வந்த புத்தியை வைத்துக்கொண்டு தெருவில் நின்று உங்களை மட்டும் திட்டினேன். அது தப்பு.

அது வளரலாம் மச்சான். கண்ணை மூடினாலும் வளரலாம், திறந்தாலும் வளரலாம். வளர்ந்தால் அது நீங்கள் வளர்த்தது ஆகாது. இதை நான் கையெழுத்துப் போட்டே தருகிறேன். ஹஃபீஸா பெரியவளாகி உங்களைக் கேட்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று அவள் பொம்மையைத் தேடிக் கையை நீட்டித் துழாவினாள். பொம்மை அவள் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்துக் கொடுக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. வாருங்கள்.

அசீனா ஹமீது, கையெழுத்து


இராஜபாளையம்
16.7.2025, புதன்

அசீனா,

கையெழுத்தெல்லாம் போட்டிருக்கிறாய். அதை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டுவதற்காக இல்லை. பர்ஸில் இருக்கட்டும் என்று.

இன்று லீவு சொல்லிவிட்டுச் சன்னல் அட்டைகளைக் கழற்றினேன். பாதி ஆணி வளைந்து போயிருந்தது, நீ கொடுத்த ஆணி அப்படி. வெயில் உள்ளே விழுந்தது. அவள் கட்டிலை ஒட்டிய சுவரில் முழுக்கக் கிறுக்கல். பேட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில் கிரேயானை வைத்துக்கொண்டு படம் போட்டிருக்கிறாள், நமக்குத் தெரியவே இல்லை. ஒரு படம் நான், மீசை இருக்கிறது. ஒரு படம் நீ, முக்காடு இருக்கிறது. பார்க்காமலே போட்டதால் என் கண் ஒன்று காதுக்கு வெளியே கிடக்கிறது. உன் வாய் நெற்றியில் இருக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. உன் வாய் எங்கே இருந்தாலும் பேசும் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து, மனசு விட்டு அழுதேன். போன வருசம் அவள் வரைந்த படத்தில் நம் சட்டைப் பொத்தான் வரைக்கும் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை நம்மைப் பார்த்துப் பார்த்துத்தான் நம்மை மனசில் வைத்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நம் முகத்தை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பயத்தோடுதான் வாரேன்.

உன் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. அங்கே வந்தால் முதலில் அவரோடு பேசித் தீர்க்க வேண்டும், பிள்ளை நடுவில் நிற்பாள். நாளைக்குக் காலை மதுரை ரயிலில் இங்கேயே ஏறிவிடுவேன். நீ அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நில். எந்தப் பெட்டி என்று உனக்கும் சொல்லமாட்டேன், எந்தச் சட்டை என்றும் சொல்லமாட்டேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளிடம் இப்படிச் சொல்: "அத்தா சட்டை விளையாட்டுக்கு வாராங்க. இந்தத் தடவ தொட்டுச் சொல்ல முடியாது. பாத்துத்தான் சொல்லணும். அத்தாதான் பாக்கச் சொன்னாங்க." வார்த்தை மாறாமல் சொல். கடைசி வாக்கியம் முக்கியம்.

என் வாயால் சொல்லச் சொன்னாய். இது என் வாய்தான், உன் வழியாக வருகிறது. நேரில் சொல்லப் போனால் எனக்குக் குரல் உடைந்துவிடும், அவள் பயந்துவிடுவாள்.

அனஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.7.2025, வெள்ளி

மச்சானுக்கு,

நேற்று முழுக்க ஒன்றாகத்தான் இருந்தோம், இருந்தும் எழுதுகிறேன். பிளாட்பாரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ரயிலுக்குள் இருந்தீர்கள். அவளை மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரைக்கும் "அந்தா பாரு, இந்தா பாரு" என்று மாட்டையும் மரத்தையும் காட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்த நேரத்தில் நடுவில் புகுந்து சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். "அத்தாவே சொன்னாங்களா?" என்று மூன்று தரம் கேட்டாள். ஆமாம் என்றேன். ரயில் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நீங்க பாருங்க."

"எனக்கு எந்தச் சட்டைன்னு தெரியாதே."

"அப்போ பூச்சி?"

பூச்சி இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள். "அது கெடக்கட்டும். ரயில் செத்த நேரந்தான் நிக்கும், அத்தாவப் பாக்காம விட்டுட்டா என்ன பண்ணுவ?" என்றேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. உங்களைக் காணவில்லை. வரவில்லையோ என்று நினைத்தேன். அப்போது அவள் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"அம்மா, அந்தா! கடேசிப் பெட்டி! பச்சக் கோடு போட்ட சட்ட! அத்தா அழுவுறாங்க!"

நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் எனக்கு ஒரு பச்சைச் சட்டை மட்டும்தான் தெரிந்தது. நீங்கள் அழுதது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அந்த இடத்திலேயே எனக்கு உயிர் வந்துவிட்டது. மற்றதையெல்லாம் டாக்டர் அறையில் நீங்களே பார்த்தீர்கள். போன தடவை சொன்ன அதே வரிசை வரைக்கும் சொன்னாள், குடையைப் பார்த்துக் "காளான்" என்று சொன்னது ஒன்றுதான் தப்பு. பார்வை இறங்கவில்லை, மருந்தை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அடுத்த மாதம் ஸ்கேன். அதில் என்ன வருமோ தெரியாது. அன்றைக்கும் ஒன்றாகவே போவோம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறோம். அண்ணனே கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். டீ போட்டுக் கொடுங்கள், குடத்தைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். சுவருக்கு வெள்ளை அடித்துவிடாதீர்கள், அந்தப் படங்களை நானும் பார்க்க வேண்டும். உங்கள் பேட் நான்கையும் மைனி ஹஃபீஸாவிடம் கொடுத்துவிட்டார். பொம்மைக்கு மெத்தையும் தலையணையும் ஆகியிருக்கிறது.

நேற்று சாயங்காலம் நாங்கள் இறங்கிய பிறகு, நீங்கள் போன ரயில் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஆட்டோவில் வரும்போது என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள்.

"அம்மா, நான் அத்தாவப் பாத்தப்போ உள்ள இருக்க பூச்சியும் பாத்திருக்குமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று டாக்டர் எனக்குச் சொல்லித் தரவில்லை. "பாத்திருக்கும்" என்றேன்.

வெளியே போகிற மாட்டு வண்டியையும் மைக் கட்டிய கம்பத்தையும் தூரத்துக் கோபுரத்தையும் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பாத்துட்டுப் போவட்டும்."

அசீனா